பட்டப்பகலில் ஒரு மின்னல்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்ணொருவர் மின்னல் தாக்கி இறந்துபோனார். ஆறு வரிகளில் அச்செய்தியை எழுதி அனுப்பியவன் நான். சம்பவம் பிற்பகல் இரண்டரை மணியளவில் நிகழ்ந்தது என்பதையும் அதில் குறிப்பிட்டிருந்தேன். மறுநாள் செய்தி வெளியாகியிருந்தது. அருகே ஒரு படமும் இருந்தது. கரிய வானத்தைப் பிளந்துகொண்டு இறங்கும் மின்னல். கீழே விளக்குகள் மினுங்கும் ஏதோவொரு வெளிநாட்டு நகரம். எந்த ஊரென்று எனக்கும் தெரியாது, அப்படத்தைத் தெரிவு செய்தவருக்கும் தெரிந்திருக்காது.

மூன்றாம் நாள் அந்த லயத்துக்குச் சென்றிருந்தேன். இறந்தவரின் கணவர் பத்திரிகையை மடித்து வைத்திருந்தார். அதனை விரித்துக் காட்டி, "பகல்லதானே தம்பி செத்தா? ராத்திரி படம் ஏன் போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, விளங்காமல்தான் கேட்டார். "வேறு படம் இல்லை" என்று சொன்னேன். அது உண்மைதான். ஆயினும் அந்தப் பதில் இன்றுவரை எனக்கே போதவில்லை.

இப்போது இதனை எழுதுவதற்குக் காரணம், அண்மையில் என்னைத் தேடிவந்த பதுளை இளைஞர் ஒருவர். கமெராவில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர். துன்ஹிந்த நீர்வீழ்ச்சியையும் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தையும் எடுத்து எடுத்து அலுத்துவிட்டதாம். "அண்ணே, பகல் மின்னல் ஒன்று மாட்டியிருக்கு, பாருங்கள்" என்று மடிக்கணினியைத் திறந்து காட்டினார். பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எத்தனையோ மின்னல் படங்களைக் கண்டிருக்கிறேன். எங்கள் மலையின் மேல், பகல் வெளிச்சத்தில், தேயிலையின் பச்சை தெரிய ஒரு மின்னல் இறங்கும் படத்தை அதற்குமுன் கண்டதில்லை.

அது ஏன் அரிது என்பதை விளங்கிக்கொண்டால்தான் நான் சொல்லவரும் விடயமும் விளங்கும்.

இரவில் மின்னலைப் படமெடுப்பது பொறுமை சார்ந்த வேலை மட்டுமே. கமெராவை முக்காலியில் நிறுத்தி, இருபது செக்கன் முப்பது செக்கன் என்று ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டால் போதும். சுற்றிலும் இருள் என்பதால் படச்சுருளில் எதுவும் பதியாது. இடையில் மின்னல் வந்தால் அது தன்னைத்தானே எழுதிவிட்டுப் போகும். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வில்லியம் ஜென்னிங்ஸ் என்பவர் 1882ஆம் ஆண்டிலேயே மின்னலைப் படமெடுத்துவிட்டார். ஓவியர்கள் அதுவரை வரைந்துவந்த கோணல்மாணலான மின்னலுக்கும் உண்மையான மின்னலுக்கும் தொடர்பில்லை என்பதை அவரது படங்கள் காட்டின. மின்னல் ஆறுபோல வளைந்து கிளைவிடுவது.

பகலில் கதை வேறு. இருபது செக்கன் திறந்து வைத்தால் படம் முழுவதும் வெள்ளையாகிவிடும். துவாரத்தை ஆகச் சிறிதாக்கி, உணர்திறனையும் ஆகக் குறைத்தால், இருண்ட மழைமேகத்தின் கீழும் கால் செக்கன், அரைச் செக்கன்தான் திறக்க முடியும். அந்தச் சிறு பொழுதில் மின்னல் வரவேண்டும். கண்ணால் கண்டபின் விரலை அழுத்தினால் காலம் கடந்துவிடும். மூளை கண்டு, விரல் அசைவதற்கே ஏறத்தாழ ஐந்திலொரு செக்கன் ஆகிறது. கறுப்பு வடிகட்டிக் கண்ணாடியை வில்லையின் முன் பொருத்தினால் நேரத்தைக் கூட்டலாம். ஆனால் அது வானத்தை மங்கச் செய்யும்போது மின்னலையும் சேர்த்தே மங்கச் செய்துவிடுகிறது. மின்னலின் ஒளி கணப்பொழுதுக்கு உரியது. வானத்தின் ஒளியோ திறந்திருக்கும் நேரம் முழுவதும் சேர்ந்துகொண்டே போவது. நேரம் கூடக்கூட வானமே வெல்லும்.

எனது படச்சுருள் காலத்தில் ஒருமுறை நானும் முயன்றேன். முப்பத்தாறு படங்களும் சாம்பல் நிற வானம். அந்தச் சுருளின் விலையைப் பற்றி ஆசிரியர் கேட்ட கேள்வியை இங்கே எழுத விரும்பவில்லை.

இன்று அதற்கு ஒரு சிறு கருவி வந்துவிட்டது. கமெராவின் தலையில் பொருத்தினால் முதல் ஒளிர்வை உணர்ந்து சில மில்லிசெக்கன்களில் ஷட்டரை இயக்கிவிடுகிறது. ஆனால் கமெராவும் தன் பங்குக்குச் சற்றுத் தாமதிக்குமே? இங்கேதான் இயற்கை கை கொடுக்கிறது. நாம் ஒரே மின்னல் என்று காண்பது பெரும்பாலும் மூன்று நான்கு வீச்சுக்கள் சேர்ந்தது. ஒரே பாதையில், செக்கனின் இருபதிலொரு பங்கு அளவான இடைவெளிகளில், அவை ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்கின்றன. மின்னல் துடிப்பதாக நமக்குத் தோன்றுவது அதனால்தான். முதல் வீச்சு கருவியை எழுப்புகிறது. அடுத்த வீச்சு படத்தில் விழுகிறது. ஒரே வீச்சோடு முடிந்துவிடும் மின்னல் தப்பிவிடும். நம் இளைஞருக்கு வாய்த்தது துடித்த மின்னல்.

படத்தைப் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டு வந்தோம். மின்னல் ஒரு முகட்டுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. அதன் முன்சரிவில் தேயிலை. தேயிலைக்கு நடுவே வெள்ளையும் மஞ்சளும் நீலமுமாய்ச் சில புள்ளிகள். இன்னும் பெருப்பித்தோம். தலையிலிருந்து தொங்கும் கூடைகள், இடுப்பில் கட்டிய படங்குகள். எண்ணிப் பார்த்தோம்: பதினொரு பேர். இருவர் மட்டுமே வானத்தைப் பார்த்து நிற்பதுபோல் தெரிந்தது. ஏனையோர் குனிந்திருந்தனர்.

"எடுக்கும்போது இவர்களைக் காணவில்லை அண்ணே" என்றார் அவர்.

அவரைக் குறை சொல்லமாட்டேன். மின்னலைப் பார்ப்பவர் எவரும் மின்னலைத்தான் பார்ப்பார். ஆனால் இரவுப் படத்துக்கும் பகல் படத்துக்கும் உள்ள வேறுபாடு அந்தப் புள்ளிகளில்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. இரவுப் படத்தில் மின்னல் மட்டுமே தெரியும். பகல் படத்தில் அதன் கீழே யார் நிற்கிறார்கள் என்பதும் தெரியும். நாம் காலங்காலமாக இரவுப் படங்களையே பார்த்து, மின்னல் என்பது இரவுக்கு உரியது, சன்னலோரம் நின்று வியக்க வேண்டியது என்று பழகிவிட்டோம். மலையில் உயிர்களைக் காவுகொள்ளும் மின்னலோ பகலில், வேலை நேரத்தில் வருவது.

இது வெறும் கற்பனையன்று. மார்ச், ஏப்ரல் மாதங்களும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களும் நமது நாட்டின் இடைப்பருவப் பெயர்ச்சிக் காலங்கள். தென்மேல் காற்றும் இல்லை, வடகீழ்க் காற்றும் இல்லை என்ற அந்த இடைவெளியில் காற்று ஓய்ந்திருக்கும். காலை வெயில் பளீரென்று அடிக்கும். சரிவுகள் சூடேற, ஈரக்காற்று பள்ளத்தாக்குகளிலிருந்து மலையேறும். பத்துமணிக்கு நமுனுகுலை உச்சியில் பஞ்சுபோல் இருந்த மேகம் நண்பகல் தாண்டியதும் கோபுரமாக எழும். அதன் உச்சியில் பனித்துணுக்குகள் மோதி மின்னேற்றம் பிரியும். இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் இடி முழங்கும். ஊவாவில் பிறந்தவர்களுக்கு இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையில்லை.

விண்ணிலிருந்து பார்த்தவர்களும் இதனையே கண்டார்கள். 1997இன் இறுதியில் ஏவப்பட்டு 2015வரை இயங்கிய டி.ஆர்.எம்.எம். செய்மதியில் மின்னலைக் காணவென்றே ஒரு கமெரா இருந்தது. பகலில் சூரிய ஒளியில் பளபளக்கும் மேகத்தின் மேல் மின்னலைப் பிரித்தறிவது எப்படி என்பதுதான் அதனை வடிவமைத்தவர்களின் முதற் சிக்கல். மின்னலின் வெப்பத்தில் ஒட்சிசன் உமிழும் ஒளியை, 777.4 நனோமீற்றர் என்ற ஒரு மெல்லிய அலைநீளத்தை, மட்டும் அனுமதிக்கும் வடிகட்டியைப் பொருத்தினர். இரண்டு மில்லிசெக்கனுக்கு ஒரு படமாக எடுத்து, முன்னைய காட்சியைக் கழித்து, எஞ்சியதை மின்னல் என்று கணக்கிட்டனர். அந்தக் கணக்கு கூறுவது: நிலப்பரப்பின் மேல் மின்னல் உச்சம் பெறுவது பிற்பகலில். பகலில் படமெடுக்கக் கற்றபின்னர்தான் விஞ்ஞானத்துக்கே முழுக் காட்சியும் கிடைத்தது என்று சொல்லலாம்.

இனி, தோட்டத்தின் நேரத்தை இதனருகே வைத்துப் பாருங்கள். காலையில் மலைக்கு ஏறுபவர்கள் மாலை நிறுவை முடிந்துதான் இறங்குவார்கள். நாளின் கொழுந்து நிறை சேர வேண்டிய கடைசி மணித்தியாலங்கள் எவையோ, அவையே இடி இறங்கும் மணித்தியாலங்கள். நிறை குறைந்தால் முழுப்பேர் இல்லை, அரைப்பேர். எனவே முதல் இடி கேட்டவுடன் மலையைவிட்டு இறங்குவதென்றால், அவர்கள் கணக்கில் அது அரைநாட் சம்பளத்தைக் கைவிடுவது. மின்னலுக்கு அஞ்சாமல் அவர்கள் நிற்கவில்லை; அஞ்சிக்கொண்டேதான் நிற்கிறார்கள். ஓய்வுபெற்ற கொழுந்துக்காரப் பாட்டி ஒருவர் என்னிடம் சொன்னார்: "இடி விழுந்தா அர்ச்சுனான்னு சொல்லிக்குவோம் தம்பி, கை மட்டும் நிக்காது."

கடும் மின்னல் எதிர்பார்க்கப்படும் நாட்களில் வளிமண்டலவியல் திணைக்களம் அறிவுறுத்தல் விடுக்கிறது. வயல், தேயிலைத் தோட்டம், நீர்நிலை போன்ற திறந்த வெளிகளைத் தவிர்க்குமாறும் மரங்களின் கீழ் ஒதுங்கவேண்டாமென்றும் அதில் கூறப்படுகிறது. தேயிலைத் தோட்டம் என்ற சொல் அந்த அறிவித்தலிலேயே இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தைத் தவிர்க்குமாறு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவரிடம் கூறினால், அவர் எங்கே போவது? இந்தக் கேள்விக்கு விடையளிக்க வேண்டியது திணைக்களம் அன்று; வேலை வாங்குபவர்களும், அவர்களோடு பேசும் தொழிற்சங்கங்களும், சட்டம் இயற்றுவோரும்.

தேயிலைச் செடி இடுப்பளவு. சரிவில் நிற்கும் மனிதரே அவ்விடத்தின் உயரமான பொருள். அவரைவிட உயரமானது நிழல் மரம். மழை வந்ததும் ஒதுங்குவது அதன் கீழ்தான். மின்னல் நேரே தலையில் விழுந்து இறப்பவர்கள் குறைவு. மரத்தில் விழுந்து பக்கவாட்டில் தாவுவதாலும், விழுந்த இடத்திலிருந்து நிலத்தினூடே பரவும் மின்னோட்டத்தாலும் பாதிக்கப்படுபவர்களே அதிகம். அதனால்தான் ஒரே மரத்தடியில் நின்ற பலர் ஒருசேர விழுந்ததாகச் செய்திகள் வருகின்றன. நான்கு தூணும் தகரக் கூரையுமாக நிற்கும் கொழுந்து மடுவமும், இடிதாங்கி பொருத்தப்படாதவரை, மழையிலிருந்து காக்குமேயன்றி மின்னலிலிருந்து காக்காது. சுவர்களும் மின்னிணைப்பும் நீர்க்குழாயும் உள்ள கட்டடம், அல்லது கதவு கண்ணாடிகள் மூடிய, உலோகக் கூரையுள்ள வாகனம் ஆகிய இரண்டுமே ஓரளவு நம்பத்தக்கவை.

இன்னுமொன்றையும் இங்கே பதிவு செய்கிறேன். மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தேங்கியிருக்கும், தொட்டால் நமக்கும் பாயும் என்ற அச்சம் லயங்களில் இன்னும் உண்டு. அது தவறு. உடனே தொடலாம், தொட வேண்டும். பலர் இறப்பது இதயத்துடிப்பும் மூச்சும் நின்றுபோவதால். முதற் சில நிமிடங்களில் மார்பை அழுத்தி மூச்சளித்தால் மீளக்கூடியவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். 1990 என்ற இலக்கத்தை அழைத்துவிட்டு, அம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல் அழுத்த வேண்டும். மலைப்பாதையில் அம்புலன்ஸ் வர எவ்வளவு நேரமாகும் என்பதை நாம் அறிவோம். ஆகவே ஒவ்வொரு மலையிலும் இதில் பயிற்சி பெற்ற ஒருவராவது நிற்க வேண்டும். கங்காணிக்கு இதனைக் கற்பிக்க அரைநாள் போதும்.

சம்பளப் பேச்சுவார்த்தைகள் பலவற்றை நான் செய்தியாக்கியிருக்கிறேன். 2021இல் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வந்தது. 2024இல் 1,350 ரூபாய் ஆனது. அதன் பின்னரும் பேச்சு ஓயவில்லை. ரூபாயைப் பற்றியும் கிலோவைப் பற்றியும் மணிக்கணக்காகப் பேசினார்கள். இடி முழங்கும் ஒரு மணித்தியாலத்தைப் பற்றி எவரும் பேச நான் கேட்டதில்லை. நானும் அதனை ஒரு கேள்வியாக எழுப்பியதில்லை. இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

எனது கோரிக்கை பெரிதன்று. இடி கேட்டதும் வேலையை நிறுத்திப் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லும் உரிமை வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழியும்வரை திரும்பி அழைக்கக் கூடாது. அந்த நேரம் வேலை நேரமாகவே கணக்கிடப்பட வேண்டும். அன்றைய நிறையும் அதற்கேற்பக் குறைக்கப்பட வேண்டும். சம்பளம் வெட்டப்படுமானால் உரிமை தாளில் மட்டுமே இருக்கும். உடனடியான கடும் ஆபத்தைக் கண்டு விலகும் தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாதென்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் 1981ஆம் ஆண்டின் 155ஆம் இலக்கச் சமவாயம் கூறுகிறது. 2022இல் பாதுகாப்பான வேலைச்சூழல் அடிப்படைத் தொழில் உரிமைகளுள் ஒன்றாகவும் சேர்க்கப்பட்டது. ஆகவே நான் புதிதாக எதனையும் கேட்கவில்லை.

நடைமுறைக்கு ஒவ்வாது, பிற்பகல்தோறும் இடி இடிக்கும், வேலை எப்படி நடக்கும் என்று சில துரைமார் கேட்கக்கூடும். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் ஆண்டு முழுவதும் இப்படி இல்லை. ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தரும் யூலை முதல் செப்டெம்பர் வரையான பருவம் காய்ந்த காற்றின் பருவம். மின்னல் மாதங்கள் நான்கு. அவற்றிலும் எல்லா நாட்களும் அல்ல. அந்நாட்களில் விடியற்காலையிலேயே வேலை தொடங்கி முன்னதாக முடிக்கலாம். அறிவித்தல் வந்த நாளில் மடுவத்துக்கு அருகிலுள்ள மலைகளைத் தெரிவு செய்யலாம். இவை கணக்குப்பிள்ளையின் கொப்பியில் செய்யக்கூடிய மாற்றங்கள்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. அந்த இடம் ஆபத்தானதென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. சரிந்த பின்னர் கமெராக்கள் வந்தன, நானும் சென்றேன். சிவந்து கிடந்த மண்ணின் முன் நின்று படமெடுக்க முடிந்ததனால் நாடு அதனைப் பார்த்தது. மின்னல் அப்படி எந்தத் தழும்பையும் மலையில் விட்டுச் செல்வதில்லை. மறுநாள் அதே இடத்தில் அதே பச்சை. ஒருவர் இருவராக இறப்பவர்களுக்கு, தேசிய அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்த மங்கல் முகமும், ஒரு கோப்புப் படமும் மட்டுமே. தேயிலை மலையின் படம் என்றாலே வெயிலில் சிரிக்கும் பெண்கள் என்று வெள்ளைக்காரர் காலத்து அஞ்சலட்டைகள் நம்மைப் பழக்கிவிட்டன. மின்னலின் படம் என்றால் இரவு நகரம். இவ்விரண்டும் ஒரே சட்டத்துக்குள் வந்ததே இல்லை. நம் இளைஞரின் படத்தில் வந்திருக்கிறது.

அவரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "இதை எங்கிருந்து எடுத்தீர்கள்?" எதிர்ப்பக்கத்து மொட்டை முகட்டிலிருந்து என்றார், முக்காலியோடு. மின்னிக் கிட்டத்தட்ட ஒன்பது செக்கனில் இடி கேட்டதாம். மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர். அப்படியானால் மூன்று கிலோமீற்றர். இடிமேகத்திலிருந்து பத்துக் கிலோமீற்றருக்கு அப்பாலும் மின்னல் விழும். இடி காதில் விழுந்தாலே நாம் அதன் எல்லைக்குள் நிற்கிறோம் என்பது பொருள். மலையிலிருந்த பதினொரு பேருக்கும் இறங்கிப்போக வழியில்லை, தம்பிக்கு இருந்தது. கட்டடத்துக்குள் நின்று, மூடிய சன்னற் கண்ணாடியூடாகவே எடுக்கலாம். கருவி அங்கிருந்தும் மின்னலைக் காணும். கண்ணாடியில் அறையின் விளக்கு தெரியாமல் அணைத்துவிட்டால் போதும். இந்தப் பத்தியை வாசித்துவிட்டு எவரேனும் முக்காலியுடன் முகட்டில் ஏறுவாராயின், நான் எழுதியது வீண்.

அந்தப் படத்தை வெளியிடுவதற்கு முயன்றுகொண்டிருக்கிறேன். மலையில் நின்றவர்கள் யாரென்று இனங்காண முடியாத தூரத்தில் இருக்கிறார்கள். அது நல்லது, எவருடைய வேலைக்கும் கேடு வராது. என்ன விளக்கக் குறிப்பு எழுதலாம் என்று இளைஞர் கேட்டார். இயற்கையின் சீற்றம், வானத்தின் வாள் என்றெல்லாம் அவர் சில எழுதி வைத்திருந்தார். கமெரா பதிவு செய்திருந்த நேரத்தைப் பார்த்து, அதையே எழுதச் சொன்னேன்: "பதுளை மாவட்டம், பிற்பகல் 2.40. மலையில் பதினொரு பேர் வேலையில்."

அன்று அந்தக் கணவர் கேட்ட கேள்விக்கு இது காலம் கடந்த பதில். அவர் இப்போது உயிரோடு இல்லை. அவருடைய மகளும் அதே மலையில்தான் கொழுந்து பறிக்கிறார். படம் வெளியானால் பத்திரிகையை முதலில் அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க எண்ணியிருக்கிறேன்.